இடப்பக்கம் மடியும் தார்ப்பாய்

இன்று இந்த அறையில் இருப்பவர்கள்: வகுப்பை நடத்தும் ஹெலன் மார்ஷ்; ஆற்றங்கரையில் காட்சிக்கூடம் வைத்திருப்பவரும் எங்கள் நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வந்திருப்பவருமான ஜூடித் ஆஷ்டன்; களிமண்ணில் வேலை செய்யும் டேனியல்; செங்டுவிலிருந்து வந்த மெய்லின்; யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டனிலேயே பிறந்த துஷ்யந்தி; பிறகு நான், தேவகிருபை, பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் துறைத் தலைவியாக இருந்து ஓய்வுபெற்று, அறுபதாம் வயதில் ஓவியம் படிக்க இந்த ஊருக்கு வந்தவள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வருகைப்பதிவை மனத்துக்குள் முடிக்காமல் எனக்கு உட்கார வராது. இந்தக் கல்லூரியில் ஒரு விதி உண்டு. யாருடைய படம் சுவரில் தொங்குகிறதோ அவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் பார்த்து, தமக்குத் தோன்றியதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு நாற்காலியைப்போல இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் பேசலாம். இப்போது என் முறை. பேசுவதற்கே சம்பளம் வாங்கிக் காலம் கழித்தவளுக்கு இது தண்டனையாகத் தோன்ற வேண்டும், தோன்றவில்லை. மெழுகுத் தட்டில் குத்திவைக்கப்பட்ட உயிரிக்குக் காது கேட்டால், சுற்றி நின்று குறிப்பெடுப்பவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று அது எவ்வளவு ஆவலாகக் கேட்கும்! நானும் கேட்கப்போகிறேன். சுவரில் என் ஐந்து படங்கள், ஆளுயரத் தாளில் கரித்துண்டால் தீட்டியவை. ஐந்தும் ஒரே பொருள்: என் விடுதி ஜன்னலுக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் கட்டடம். வெளிச்சுவரைப் பழுதுபார்ப்பதற்காகச் சாரம் கட்டி, கூரையிலிருந்து தரைவரை தார்ப்பாயால் மூடியிருக்கிறார்கள். குளிர்காலம் முழுவதும் அதன் எதிரே உட்கார்ந்து வரைந்தேன். ஜூடித் தேர்ந்தெடுத்தால் இவை வசந்தத்தில் அவருடைய கூடத்தில் தொங்கும். பக்கத்தில் ஒரு சிறிய அட்டை இருக்கும். எனக்கு வேண்டியது அந்த அட்டைதான். ‘எதிர்க் கட்டடம், குளிர்காலம்’ என்று மட்டும், வேறு ஒரு சொல்லும் இல்லாமல், இந்த ஊரை இந்த ஊரில் இருந்து பார்த்த ஒருத்தியின் பெயருக்குக் கீழே.

“பார்க்கலாம்” என்கிறார் ஹெலன். ஐந்து பேரும் பார்க்கிறார்கள். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை. வெப்பக் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் ஓசை. ஜூடித் கிட்டே போகிறார், பின்னே வருகிறார், தலையைச் சாய்க்கிறார். தேர்வுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது பிள்ளைகள் இப்படித்தான் என் ஒவ்வொரு அசைவையும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்களோ? கண் சற்று உறுத்துகிறது. போன ஆண்டு கண்புரை நீக்கி வைத்த செயற்கை வில்லைக்குப் பழகிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். கண் சரியாக இருந்தால் போதும், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பாக்கியம் அக்காவிடமும் சொன்னேன். அவள் கேட்டாளா? “ஏட்டி, ரிட்டயர் ஆனவுக சர்ச் கன்வென்ஷனுக்குப் போவாக, இல்லாட்டா மக வீட்டுல போய்ச் சட்டமாக் கெடப்பாக. நீ என்னத்துக்குச் சிலேட்டத் தூக்கிட்டு லண்டனுக்குப் போற?” “படம் வரைய.” “இங்கன இருந்து வரையக் கூடாதோ? ஆறு இல்லியா, கோயில் கோபுரம் இல்லியா, ஒனக்கு மாடலா நிக்க நான் இல்லியா?” “அதெல்லாம் தெரிஞ்சதுக்கா. தெரிஞ்சத வரைஞ்சு என்ன செய்ய?” “அப்ப தெரியாதத எப்பிடிட்டி வரைவ?” அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் சில சமயம் கேள்வியைச் சரியான இடத்தில் கொண்டுபோய்க் குத்திவிடுவாள். பார்த்து வரைவேன் என்று பதில் சொன்னேன். வேறு என்ன பதில் இருக்கிறது? ஆய்வுக்கூடத்தில் நான் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். கரப்பான்பூச்சியை ஆறு காலோடு அழகாக வரைந்து கொண்டுவந்தாள் ஒருத்தி. உன் தட்டில் இருப்பதற்கு எத்தனை கால் என்றேன். எண்ணிப் பார்த்துவிட்டு, அஞ்சு மேடம் என்றாள். ஆறாவது எங்கேயிருந்து வந்தது? “எப்பவும் ஆறுதானே, மேடம்.” எப்பவும் என்பது புத்தகத்தில் இருக்கிறது, அதை நான் வீட்டிலேயே பார்த்துக்கொள்வேன், உன் தட்டில் இருப்பதை வரைந்து கொண்டுவா என்று திருப்பி அனுப்பினேன். அந்தக் கண்டிப்போடுதான் விமானம் ஏறினேன். பனைமரம் வரைய மாட்டேன், கோபுரம் வரைய மாட்டேன், பூக்காரி வரைய மாட்டேன். நேர்முகத்தில் இந்தக் கல்லூரிக்காரர்கள் எதிர்பார்த்தது அதுவாக இருந்தாலும்கூட. வந்த ஊரில் எது கண்ணுக்கு எதிரே நிற்கிறதோ அதை வரைவேன். நின்றது தார்ப்பாய் போர்த்திய கட்டடம். அழகான பொருள் இல்லை. அதனாலேயே நம்பகமான பொருள்.

“புடவை” என்கிறார் ஜூடித். மிக மெதுவாக, தூங்கும் குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடும் குரலில். “இவை புடவைகள், இல்லையா? கொடியில் தொங்கும் புடவைகள். பிரம்மாண்டமாக. ஒரு குழந்தை கீழே நின்று தன் தாயின் புடவையை அண்ணாந்து பார்க்கும் அளவில்.” எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதும் விதியை மீறுவதாகுமா என்று தெரியாததால் அடக்கிக்கொண்டேன். என் தாய் மிஷன் மருத்துவமனையில் செவிலி. காலையிலிருந்து இரவுவரை வெள்ளைக் கவுன், வெள்ளைத் தொப்பி. புடவை கட்டினால் நடை குறைகிறது என்பது அவர் கட்சி. கல்யாண வீட்டுக்குக்கூட முனகிக்கொண்டேதான் கட்டுவார். அவர் கவுனைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதில் டெட்டால் மணக்கும். அந்தக் குழந்தை யார்? ஜூடித் சொல்லிக்கொண்டே போகிறார்: இழப்பு, தொலைவு, துணியின் உள்ளே தெரியும் மங்கலான வெளிச்சம்தான் நினைவு. அந்த வெளிச்சம் ஐந்தாம் மாடியில் யாரோ சமையலறை விளக்கைப் போட்டது. ஆனாலும் கேட்கக் கேட்க அவர் சொல்லும் அந்தப் பெண்மீது எனக்கு ஒரு சுவாரசியம் பிறக்கிறது. கொடிக்குக் கீழே நிற்பவள், ஏங்குபவள், என் பெயரைக் கொண்டவள். எங்கே வாழ்கிறாள் அவள்? நான் இறங்கிய அதே விமானத்திலிருந்துதான் இறங்கினாளா? ஒருவேளை என்னைவிட அவளுக்கு இங்கே எளிதாக இடம் கிடைத்துவிடும். அவளை எதிர்பார்த்து ஒரு நாற்காலியை ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார்கள். டேனியல் கையை உயர்த்துகிறான். “எனக்கு நாடகக் கொட்டகையின் திரை என்று தோன்றியது. யாரோ உள்ளே ஒளிந்துகொண்டு, எப்போது வெளியே வரலாம் என்று பார்க்கிறார்கள். மன்னிக்க வேண்டும், எனக்குத் திரை என்றால் பயம். பள்ளி நாடகத்தில் எனக்கு எப்போதும் மரம் வேடம்.” எல்லோரும் சிரிக்கிறார்கள். மெய்லின் சிரிக்கவில்லை. அவள் முகத்தைத் தாளுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, “துணிக்குள் மங்கலாகத் தெரியும் ஜன்னல்களை வரைந்த கோடு நடுங்குகிறது” என்கிறாள். “பல இடத்தில் கையை எடுத்து எடுத்து வைத்திருக்கிறார். மடிப்புகளை வரைந்த கோடு அப்படியில்லை. மேலேயிருந்து கீழேவரை ஒரே மூச்சு. இரண்டையும் ஒரே ஆள் வரைந்ததுபோல இல்லை.” நல்ல மாணவி. என்னிடம் படித்திருந்தால் முதல் மதிப்பெண் கொடுத்திருப்பேன். “அதுதான் நினைவின் உறுதி” என்கிறார் ஜூடித். இல்லை அம்மணி, ஜன்னல் சிறியது, கை நடுங்கும். மடிப்பு பெரியது, கை நடுங்காது. அவ்வளவுதான். அவ்வளவுதானே? பூரான் படத்தில் அத்தனை சிறிய கால்களையும் நான் நடுங்காமல் வரைவேன். வரைந்திருக்கிறேன். இந்த நினைப்பு ஒரு நூல் ஆணியில் மாட்டிக்கொண்டதுபோல அங்கேயே நின்றுவிட்டது. இழுத்துப் பார்க்கிறேன், வரவில்லை.

“இது புடவையில்லை” என்கிறாள் துஷ்யந்தி. இவ்வளவு நேரமும் ஜன்னல் விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். சற்று முன்பு அவளுடைய முறை முடிந்திருந்தது. பேருந்தின் மாடியில் தூங்குகிறவர்களை அவள் எடுத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, அவள் ஒருநாளும் பார்த்திராத போரைப் பற்றி அவளிடம் கேட்டார்கள். அந்தச் சூடு இன்னும் முகத்தில் இருக்கிறது. “இது பென்ரித் கோர்ட் அடுக்குமாடி. என்னுடைய வீடு. நான்காம் மாடி, இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது ஜன்னல். மூன்று ஆண்டுகளாக இந்தத் தார்ப்பாய்க்குள்தான் இருக்கிறோம், பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு.” எனக்கு எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது. இதோ சாட்சி. உள்ளேயிருந்தே வந்த சாட்சி. “அருமை” என்கிறார் ஜூடித். “அப்படியானால் அந்தக் கட்டடத்தின்மேல் இவர் தம் வீட்டைப் போர்த்தியிருக்கிறார்.” “இல்லை, கான்ட்ராக்டர் போர்த்தினார்” என்கிறாள் துஷ்யந்தி. டேனியல் மறுபடியும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறான். அவள் என் பக்கம் திரும்பித் தமிழில், “அன்ரி, சொல்லுங்கோவன். உது எங்கட பில்டிங்தானே?” என்கிறாள். படிக்கட்டில் முதல் நாள் பார்த்தபோதே அன்ரி என்று முறை வைத்துவிட்டவள், நான் பேசியதைக் கேட்டுவிட்டு, “நீங்கள் என்ன, நியூஸ் வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறியள்?” என்று கிண்டலும் செய்தவள். ஹெலன் குறுக்கிடுகிறார்: “துஷி, அவர் பேசக் கூடாது.” “நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொல்கிறேன்.” பிறகு படத்தை நோக்கிக் கொஞ்சம் நடந்து, நின்று, குரல் மாறி, எனக்கு மட்டும்: “எண்டாலும் அன்ரி, தறப்பாள் இப்பிடி மடியாது. அடியிலை கயித்தாலை இழுத்துக் கட்டியிருக்கிறாங்கள். காத்தடிச்சா ஒருக்கா அங்காலை ஊதும், ஒருக்கா இங்காலை அடிக்கும். இரவிலை நித்திரை கொள்ள ஏலாது. உங்கட படத்திலை பாருங்கோ, எல்லாம் ஒரு பக்கமாத்தானே விழுகுது.”

பார்க்கிறேன். முதல் படம், இடப்பக்கம். இரண்டாவது, இடப்பக்கம். மூன்றாவதில் மேல்மூலையில் ஒன்றிரண்டு குழம்பிக் கிடக்கின்றன, அவையும் கீழே வரும்போது திருந்தி இடப்பக்கம் விழுகின்றன. நான்கு, ஐந்து. இவ்வளவு நாள் தினமும் பார்த்தேன். ஒருமுறைகூட இதைப் பார்க்கவில்லை. காற்று ஒரே திசையிலிருந்து வீசியிருக்கலாம். வாரக்கணக்கிலா? இரண்டாவது படம் பனி விழுந்து ஓய்ந்த காலையில் வரைந்தது, ஒரு கிளைகூட அசையவில்லை. அன்றைக்குத் துணி நேராக அல்லவா தொங்கியிருக்க வேண்டும்? அது தொங்கவில்லை, ஒழுங்காக மடிந்து நிற்கிறது. ஒவ்வொரு மடிப்பும் அடுத்ததைப்போலவே அகலம். விரல் அகலம். விரல் என்று நினைத்ததும் கீழே பார்க்கிறேன்: என் வலக்கைக் கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் காற்சட்டைத் துணியைப் பிடித்து மடித்து, விட்டு, மறுபடி மடித்துக்கொண்டிருக்கின்றன. எப்போதிலிருந்து? கொசுவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன், நின்றபடி, அன்றைய பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மடித்துச் செருகுவேன். மீனின் இரத்த ஓட்டம், தவளையின் இதயம், மடிப்பு, மடிப்பு, மடிப்பு. அதை நான் கண்ணால் பார்த்துச் செய்ததில்லை. பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் இடப்பக்கம் விழும்படி மடித்து, ஊக்கு குத்தி, வெளியே வந்தால் மணி அடிக்கும். அந்தக் கை ஓய்வு பெறவில்லைபோலும். கரித்துண்டைக் கொடுத்ததும் அதற்குத் தெரிந்த வேலையைத் தொடங்கிவிட்டது. அப்படியானால் புடவைதானா? ஜூடித் சொன்னது சரியா? இரு, தேவகிருபை, அவசரப்படாதே. சோதனை செய்து பார். தாயின் புடவை என்றார். எதிரே நிற்கும் ஒருத்தியின் கொசுவம் பார்ப்பவளுக்கு எந்தப் பக்கம் தெரியும்? அவளுக்கு இடப்பக்கம் என்றால் பார்ப்பவளுக்கு வலப்பக்கம். என் தாயையோ வேறு எவரையோ பார்த்த ஞாபகத்தில் வரைந்திருந்தால் மடிப்புகள் தாளில் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இவை இடப்பக்கம் சாய்கின்றன. கட்டிக்கொண்டவள் குனிந்து பார்த்தால் மட்டுமே அப்படித் தெரியும். ஆகவே அண்ணாந்து பார்த்த குழந்தை கிடையாது. ஏக்கமும் கிடையாது, ஏக்கம் என்றால் எதிரே ஒன்று நிற்க வேண்டும். அந்தக் கட்டடத்தை நான் பார்க்கவே இல்லை. உடுத்தியிருக்கிறேன்.

இதைக் கண்டுபிடித்ததில் ஒரு வெட்கங்கெட்ட மகிழ்ச்சி. தவறான விடையை எந்த வழியாக எழுதினார்கள் என்று பின்னோக்கிப் பிடித்துவிடும்போது, திருத்துகிறவளுக்கு வரும் மகிழ்ச்சி. அதன் காலடியிலேயே பயமும் வந்து உட்கார்ந்தது. கை இவ்வளவு செய்யும் என்றால் கண் இதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? இந்த ஊரில் வேறு எதையெல்லாம் நான் உடுத்திக்கொண்டு பார்த்ததாக நினைத்திருக்கிறேன்? விடுதிச் சமையலறையில் காலையில் யாரிடமும் பேசாமல் ரொட்டி வாட்டும் அந்தப் போலந்துப் பையனை அகங்காரி என்று முடிவு கட்டினேனே, அது யாருடைய மௌனம்? இலை உதிர்ந்த மரங்களை நரம்பு மண்டலம் என்று குறித்து வைத்தேனே, ஒரு மரத்தின் பட்டையையாவது தொட்டேனா? துஷ்யந்தி வீட்டுக்கு ஒருமுறை கூப்பிட்டாள். “அம்மா தறப்பாளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிப்போடுவா, அன்ரி. சண்டை நேரம் வன்னியிலை அதுக்குக் கீழைதான் கிடந்தவை. இஞ்ச வந்தும் அதுக்குள்ளையே எண்டு சிரிப்பா. வாங்கோ ஒருநாள், தேத்தண்ணி குடிக்கலாம்.” வெளிச்சம் போய்விடும், வரைய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எதை வரைய? அந்தப் பெண்மணி உள்ளேயிருந்து பார்க்கும் தார்ப்பாய் எப்படி இருக்கும்? ஒளி அதனூடே எந்த நிறத்தில் இறங்கும்? ஊதும்போது சுவருக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி உண்டாகும்? தெரியாது. ஒரு குளிர்காலம் முழுவதும் எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. வெட்கம் வர வேண்டிய இடம் இது. வருவது பசியைப்போல ஒன்று. பத்தொன்பது வயதில் முதல்முறை நுண்ணோக்கிக்குள் குனிந்து, குளத்துத் தண்ணீர்த் துளியில் ஏதோ நகர்வதைக் கண்டபோது வந்தது. அதற்குப் பிறகு பாடம் நடத்திய காலத்தில் எப்போது நின்றுபோனது என்பதைக் கவனிக்கவில்லை.

“கிருபை” என்கிறார் ஹெலன். “இனி நீங்கள் பேசலாம்.” ஜூடித் தம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். கெட்ட பெண்மணி இல்லை. உண்மையிலேயே அவருக்குப் படங்கள் பிடித்திருக்கின்றன. “எனக்கு இந்த ஐந்தும் வேண்டும்” என்கிறார். “அட்டைகள் இன்று மாலை அச்சுக்குப் போகின்றன, ஆகவே இப்போதே முடிவு செய்ய வேண்டும். நான் சொன்னதே சரி என்று பிடிவாதம் இல்லை. ‘என் தாயின் புடவைகள்’ என்று போடலாம். துஷி சொல்வதுதான் சரி என்றால், கட்டடத்தின் பெயரையே போட்டுவிடலாம். உங்கள் வாயால் ஒரு வரி சொல்லுங்கள், போதும்.” டேனியல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். மெய்லின் இன்னும் மடிப்புகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் விளிம்புக்குத் திரும்பிவிட்ட துஷ்யந்தி காலாட்டுவதை நிறுத்திவிட்டாள். சொல்லுங்கோ என்று அவள் முகம் சொல்கிறது, எங்கட பில்டிங் எண்டு சொல்லுங்கோ. நான் விரும்பியது கிட்டத்தட்ட அந்த அட்டைதான். அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். வாயைத் திறந்தால் போதும், இந்த ஊரில் இந்த ஊரைப் பார்த்தவளாக வசந்தம் முழுவதும் தொங்கலாம். அக்காவுக்குப் போட்டோ அனுப்பலாம். முதல் வரி பொய். எனக்கு அப்படியொரு தாய் இல்லை. இரண்டாவது வரி ஒரு மணி நேரத்துக்கு முன்புவரை உண்மை. இப்போது அதைச் சொன்னால், நான்காம் மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறவர்களின் வீட்டை என் இடுப்பில் செருகியதாகத்தான் அர்த்தம். மூன்றாவதாக ஒரு வரி இருக்கக்கூடும். என்னிடம் இன்னும் இல்லை. பார்க்காத ஒன்றுக்கு வரி எப்படி வரும்? வெளியே ஜன்னல் சட்டம் அதிர்கிறது. நல்ல காற்று. இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. பென்ரித் கோர்ட்டுக்குக் குறுக்குத் தெருவில் போனால் பத்து நிமிட நடை. எழுந்திருக்கிறேன். எல்லோரும் நான் பேசப்போகிறேன் என்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஹெலன் ஊக்கப்படுத்தும் முறையில் தலையசைக்கிறார். கோட்டை மாட்டிக்கொள்கிறேன். மேசைமேல் இருந்த கட்டிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றை உருவிச் சுருட்டுகிறேன். கரித்துண்டுப் பெட்டி கோட்டுப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன், இருக்கிறது. “கிருபை?” என்கிறார் ஜூடித், கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு. சுவரில் இருக்கும் ஐந்தையும் அங்கேயே விட்டுவிட்டு, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்குள் தள்ளி, கதவைத் திறந்து வெளியே நடக்கிறேன்.